எப்போதாவது சுற்றுலா செல்பவர் பயண வெகுமதித் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விமான நிறுவனங்களும் ஓட்டல் குழுமங்களும் நடத்தும் வெகுமதித் திட்டங்கள் முதலில் யாருக்காக வந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியபோதும், அதைப் பார்த்துச் சில நாட்களிலேயே யுனைடெட் தன் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், அவர்கள் குறிவைத்தது அலுவலக வேலையாக அடிக்கடி பறக்கும் பயணியைத்தான். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது அவருடைய நிறுவனம்; 'மைல்' எனப்படும் வெகுமதிப் புள்ளிகள் சேர்வதோ அவருடைய சொந்தக் கணக்கில். அப்படிப்பட்டவருக்கு எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை, சொந்தப் பணத்தில் விடுமுறைக்குக் கிளம்புபவரின் நிலைமை வேறு. அவருக்குப் புள்ளிகள் மெதுவாகவே சேரும். சேர்ந்து முடிவதற்குள் காலாவதி ஆகிவிடக்கூடும்.

ஆகவே, இத்தகைய பயணி ஒரு திட்டத்தை வாலிலிருந்து தலைக்குப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. "சேர்ந்தவுடன் இத்தனை ஆயிரம் புள்ளிகள்" என்ற பெரிய எழுத்து விளம்பரத்தில் தொடங்காமல், அந்தப் புள்ளிகள் எப்போது செத்துப்போகும், குறைந்தபட்சம் எத்தனை புள்ளிகள் இருந்தால் உருப்படியாக ஒன்றை வாங்க முடியும் என்ற இரண்டு கேள்விகளில் தொடங்க வேண்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு விமான நிறுவனத்தின் கணக்கில் பதினெட்டாயிரம் மைல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இருபதாயிரம் ஆனதும் ஒரு டிக்கெட் எடுக்கலாம் என்று காத்திருந்தேன். அடுத்த பயணம் ஓராண்டு தள்ளிப்போனது. காலாவதி பற்றிய எச்சரிக்கை மின்னஞ்சல் விளம்பர மின்னஞ்சல்களின் குவியலில் கிடந்ததை, கணக்கில் பூச்சியத்தைப் பார்த்த பிறகுதான் கண்டேன். விதியில் அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. மூன்று ஆண்டுகள் என்று முதல் நாளே எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

முதலில் உங்கள் பயணத்தை எழுதிப் பாருங்கள்

எந்தத் திட்டத்தின் இணையப் பக்கத்தையும் திறப்பதற்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் சென்ற பயணங்களையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் செல்லக்கூடியவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த விமான நிறுவனம், எத்தனை பேர், எத்தனை இரவுகள், டிக்கெட்டுக்கு எவ்வளவு, தங்குவதற்கு எவ்வளவு என்பவை போதும். இதைச் செய்து பார்க்கும் பலருக்கு இரண்டு விஷயங்கள் வியப்பளிக்கும். ஒன்று, ஒவ்வொரு முறையும் விலை குறைந்த டிக்கெட்டைத் தேடிப்போனதால் ஒரே நிறுவனத்தில் இரண்டு முறை பறந்ததே இல்லை என்பது. மற்றொன்று, விமானத்துக்குச் செலவழித்ததைவிடத் தங்குமிடங்களுக்குச் செலவழித்தது கூடுதலாக இருப்பது. தங்கும் செலவு கூடுதல் என்றால் விமான மைல்களைத் துரத்துவதைவிட ஓட்டல் திட்டத்தையோ முன்பதிவுத் தளத்தின் உறுப்பினர் சலுகையையோ முதலில் பார்ப்பதே முறை. உறவினர் வீடுகளில் தங்கிவிட்டு வருபவர்களுக்கு ஓட்டல் திட்டமே தேவையில்லை.

அந்தத் தாளில் மேலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து நேரடியாகவோ ஒரே மாற்றத்திலோ உங்களை நீங்கள் விரும்பும் இடங்களுக்கு அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் எவை? எவ்வளவு தாராளமான திட்டமாக இருந்தாலும், உங்கள் நிலையத்தில் தரையிறங்காத நிறுவனத்தின் மைல்களால் உங்களுக்குப் பயன் குறைவு.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிறுவனம் என்றால்

நிறுவனத்துக்கு ஒன்றாக ஏழு கணக்குகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் மைல்களைச் சிதறவிடுவதுதான் எப்போதாவது பறப்பவர் செய்யும் பொதுவான தவறு. அந்த ஏழும் தனித்தனியே எதற்கும் போதாது. இதற்குத் தீர்வு கூட்டணிகளில் இருக்கிறது. 1997இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், 1999இல் தொடங்கிய ஒன்வேர்ல்டு, 2000இல் தொடங்கிய ஸ்கைடீம் ஆகிய மூன்று பெரிய கூட்டணிகளில் உறுப்பு நிறுவனம் ஒன்றில் பறந்துவிட்டு, அதே கூட்டணியின் இன்னொரு நிறுவனத்துடைய கணக்கில் மைல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு லுஃப்தான்சா, அடுத்த ஆண்டு டர்கிஷ், அதற்கடுத்த முறை தாய் ஏர்வேஸ் என்று பறந்தாலும், மூன்றும் ஸ்டார் அலையன்ஸைச் சேர்ந்தவை என்பதால் மைல்கள் ஒரே கணக்கில் போய்ச் சேரும். அந்தக் கணக்கு நீங்கள் பறந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றினுடையதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. காலாவதி விதி உங்களுக்குச் சாதகமாக உள்ள நான்காவது நிறுவனத்தின் கணக்காகவும் இருக்கலாம்.

கூட்டணியைத் தாண்டியும் இத்தகைய வசதி உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், 2022 முதல் கத்தார் ஏர்வேஸ், 2024 முதல் ஃபின்ஏர் ஆகியவை 'ஏவியோஸ்' என்ற ஒரே புள்ளி நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. கணக்குகளை இணைத்துவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புள்ளிகளை மாற்றிக்கொள்ளலாம். எமிரேட்ஸ், எதிஹாட் போன்றவை எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லாமல், தனித்தனி ஒப்பந்தங்களின் வழியே கூட்டாளிகளை வைத்திருக்கின்றன.

கூட்டணி நிரந்தரமான உறவு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டார் அலையன்ஸைத் தோற்றுவித்த ஐந்து நிறுவனங்களில் ஒன்றான ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் 2024 செப்டம்பரில் ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. அதை நம்பி ஸ்டார் அலையன்ஸின் வேறு கணக்கில் மைல் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் அதன்பின் புதிதாக ஏதாவது வழி தேட வேண்டியிருந்தது.

கட்டண வகை எழுத்து

கூட்டாளியின் விமானத்தில் பறந்தால் மைல் உண்டு என்பது பொது விதி. எவ்வளவு என்பது டிக்கெட்டின் ஓர் எழுத்தைப் பொறுத்தது. எக்கானமி என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இருக்கைகளை விமான நிறுவனங்கள் பத்துப் பன்னிரண்டு கட்டண வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்திருக்கின்றன. முன்பதிவின் கடைசிப் பக்கத்திலோ மின்-டிக்கெட்டிலோ வகுப்பின் பெயருக்கு அருகே ஒற்றை எழுத்தாக அது இருக்கும். பெரும்பாலோர் கண்ணில் படாமலே போய்விடும். மைல் சேர்க்கும் நிறுவனத்தின் தளத்தில் 'கூட்டாளி விமானங்கள்' என்ற பகுதிக்குச் சென்று, நீங்கள் பறக்கப்போகும் நிறுவனத்தின் அட்டவணையைத் திறந்தால், இந்த எழுத்துக்குத் தூரத்தில் 100 சதவீதம், அதற்கு 50 சதவீதம், கடைசி இரண்டு எழுத்துகளுக்கு ஒன்றுமில்லை என்பது போல விவரம் இருக்கும். அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து ஒரே தூரம் பறக்கும் இருவரில் ஒருவருக்கு நாலாயிரம் மைல்களும் மற்றவருக்குப் பூச்சியமும் கிடைப்பது இப்படித்தான். டெல்டா தன் மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுகளுக்கு மைல்களே தருவதில்லை.

இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் மைலுக்காகக் கூடுதல் விலையுள்ள எழுத்தை வாங்காதீர்கள். விலை குறைந்த டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் அன்றே கையில் இருக்கிறது. மைல் என்றைக்கோ வரப்போவது.

காலாவதி விதிகள்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

காலாவதியைப் பொறுத்தவரை திட்டங்கள் மூன்று வகைப்படும். முதல் வகையில் புள்ளிகளுக்குக் காலாவதியே கிடையாது; டெல்டா, யுனைடெட், ஜெட்புளூ, சவுத்வெஸ்ட் ஆகியவற்றின் திட்டங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகையில், குறிப்பிட்ட காலத்துக்குள் கணக்கில் ஏதாவது ஒரு வரவோ செலவோ நடந்தால் மொத்த இருப்பின் ஆயுளும் மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு அந்தக் காலம் 24 மாதங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏவியோஸுக்கு 36 மாதங்கள். ஓட்டல் குழுமங்களில் ஹில்டன், மேரியட், ஹயாட் மூன்றுக்கும் 24 மாதங்கள். மூன்றாம் வகைதான் கறாரானது: புள்ளி கணக்கில் ஏறிய நாளிலிருந்து இத்தனை ஆண்டு, அவ்வளவே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்' மைல்களும் எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்' மைல்களும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முடிகின்றன. இடையில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைல்களின் ஆயுள் பொதுவாக நீள்வதில்லை.

மூன்றாம் வகைத் திட்டம் மோசமானது என்று நான் சொல்லவரவில்லை. இந்த நிறுவனங்களின் சேவையும் மைல்களின் மதிப்பும் பல சமயங்களில் மற்றவற்றைவிட மேலானவை. ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரே நீண்ட பயணத்தில் பெரும் தொகை மைல்களைச் சேர்த்து, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் செலவழிக்கத் திட்டம் வைத்திருந்தால் மட்டுமே அது பொருந்தும். தனியாக, ஆண்டுக்கொரு முறை பறப்பவர் மூன்றாம் வகைக் கணக்கில் மைல் சேர்ப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்குச் சமம்.

இரண்டாம் வகை எப்போதாவது பயணம் செய்பவருக்குப் பெரும்பாலும் போதுமானது. ஏனென்றால் 'நடவடிக்கை' என்று அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது பறப்பது மட்டுமன்று. கூட்டாளி வங்கியிலிருந்தோ கடையிலிருந்தோ சில நூறு புள்ளிகளை மாற்றுவது, திட்டத்தின் இணைய அங்காடி வழியாக ஒரு சிறு பொருளை வாங்குவது, சில திட்டங்களில் புள்ளிகளைத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடையாக அளிப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலும் போதும், கடிகாரம் திரும்பிவிடும். எவையெல்லாம் நடவடிக்கை ஆகும், எவை ஆகா என்ற பட்டியல் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும் என்பதால், சேரும் முன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது முழுமையாகப் படியுங்கள். உங்களால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய நடவடிக்கை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அதை மூன்றாம் வகையாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

காலாவதி இல்லாத திட்டம் என்பதாலேயே புள்ளிகளைப் பத்தாண்டு சேர்த்து வைக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். புள்ளிகள் வங்கி இருப்பு அல்ல. 2017 ஆகஸ்டில் ஏர் பெர்லின் திவால் மனு தாக்கல் செய்தபோது, அதன் 'டாப்போனஸ்' திட்டமும் அதே மாதத்தில் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. உறுப்பினர்களின் மைல்கள் முடங்கின. நிறுவனம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே விதிகள் மாறுவதும் உண்டு. ஹோட்டல்ஸ் டாட் காம் தளம் நெடுங்காலம் பத்து இரவு தங்கினால் ஓர் இரவு இலவசம் என்ற எளிய முறையை வைத்திருந்தது. கிட்டத்தட்ட பத்து சதவீதம் திரும்பக் கிடைத்த முறை அது. 2023 ஜூலையில் அமெரிக்காவில் 'ஒன் கீ' என்ற புதிய திட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது, அடிப்படை உறுப்பினருக்குத் திரும்புவது இரண்டு சதவீதமாகச் சுருங்கியது.

ஒரு மைலின் மதிப்பைக் கணக்கிடுவது

புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு திட்டங்களை ஒப்பிட முடியாது. ஹில்டன் பெரும்பாலான ஓட்டல்களில் செலவழிக்கும் ஒரு டாலருக்கு 10 அடிப்படைப் புள்ளிகள் தருகிறது. ஹயாட் 5 தருகிறது. ஹில்டன்தான் இரட்டிப்புத் தாராளம் என்று தோன்றும். ஆனால் இலவச இரவுக்கு ஹில்டன் கேட்கும் புள்ளிகளும் அதற்கேற்ப மிகக் கூடுதல் என்பதால், ஒரு ஹயாட் புள்ளி பொதுவாகப் பல ஹில்டன் புள்ளிகளுக்கு ஈடாக நிற்கிறது.

கணக்கு எளிது. நீங்கள் உண்மையிலேயே போக நினைக்கும் ஒரு பயணத்தை, போக நினைக்கும் தேதியில் தேடுங்கள். அந்த டிக்கெட்டின் விலை 400 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவாயினும் சரி. அதே டிக்கெட்டை மைல்களைக் கொண்டு எடுத்தால் 20,000 மைல்களும், வரியும் கூடுதல் கட்டணமுமாகச் சேர்த்து 120ம் கேட்கிறார்கள் என்க. அப்படியானால் மைல்கள் உங்களுக்கு மிச்சப்படுத்துவது 400 அன்று, 280 மட்டுமே. அதை 20,000 மைல்களால் வகுத்தால் ஆயிரம் மைல்களுக்கு 14 கிடைக்கிறது. அதே டிக்கெட் தள்ளுபடிக் காலத்தில் 250க்குக் கிடைத்தால், மிச்சம் 130. ஆயிரம் மைல்களின் மதிப்பு ஆறரையாகச் சரிந்துவிடும். மைல்களை எப்போது செலவழிப்பது என்பதற்கும் இதே கணக்குதான் விடை: ரொக்க விலை ஏறிக்கிடக்கும் விடுமுறை நாட்களில் மைல், மலிவாக இருக்கும்போது ரொக்கம். வரி என்ற பெயரில் வரும் தொகையில் அரசுக்குப் போவது ஒரு பகுதிதான். நிறுவனமே விதிக்கும் கூடுதல் கட்டணம் அதில் ஒளிந்திருக்கும். சில நிறுவனங்களின் நெடுந்தூர விமானங்களில் அது பெருந்தொகை ஆகிவிடும் என்பதால், மைல் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் கட்டணம் செலுத்தும் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

இனி, அந்த 20,000 மைல்களைச் சேர்க்க எவ்வளவு காலம் ஆகும்? பல திட்டங்கள் இப்போது பறக்கும் தூரத்தை விட்டுவிட்டு, கட்டும் பணத்துக்கேற்ப மைல் தருகின்றன. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2015, 2016 ஆண்டுகளிலேயே அந்த முறைக்கு மாறிவிட்டன. செலவழிக்கும் ஓர் அலகுக்கு 5 மைல்கள் என்றால், 400 மதிப்புள்ள ஒரு பயணத்துக்கு 2,000 மைல்கள். வரிப் பகுதிக்கு மைல் கிடையாது என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும்கூட, இலவச டிக்கெட்டுக்குப் பத்துப் பயணங்கள் தேவை. ஆண்டுக்கு ஒரு பயணம் செய்பவருக்கு அது பத்து ஆண்டுகள்! மூன்று ஆண்டுக் காலாவதியுள்ள திட்டத்தில் அவர் ஒருபோதும் அந்த எண்ணைத் தொடப்போவதில்லை. இதே கணக்கை நான்கு பேர் கொண்ட குடும்பம், மைல்களை ஒரே கணக்கில் சேர்க்க இடமளிக்கும் திட்டத்தில் போட்டால், பயணத்துக்கு 8,000 மைல்கள் வீதம் மூன்றாம் பயணத்திலேயே 20,000ஐத் தாண்டிவிடும்.

குடும்பக் கணக்கு

இதனால்தான் பலர் கவனிக்காமல் விடும் 'குடும்பக் கணக்கு' வசதியைக் காலாவதிக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன். விமான மைல்கள் பறப்பவரின் பெயரில்தான் சேரும். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் பெயரில் அல்ல. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் நான்கு தனிக் கணக்குகளில் ஐயாயிரம் ஐயாயிரமாக வைத்திருந்தால் யாருக்கும் பயனில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஜெட்புளூ, எமிரேட்ஸ், ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் போன்றவை உறுப்பினர்களின் மைல்களை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்த வழி செய்திருக்கின்றன. பிள்ளைகளை எந்த வயதிலிருந்து சேர்க்கலாம், ஒரே முகவரி வேண்டுமா, குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்கு டிக்கெட் எடுக்க முடியுமா, ஒருவரை நீக்கிவிட்டு மற்றொருவரைச் சேர்க்க எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வசதி இல்லாத திட்டங்களில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவருக்கு மைல்களை மாற்றக் கட்டணம் கேட்பார்கள். அந்தக் கட்டணம் பல சமயங்களில் மைல்களின் மதிப்பையே தின்றுவிடும்.

ஓட்டல்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஒரே உறுப்பினர் பணம் செலுத்தித் தானும் அங்கே தங்கினால், பல குழுமங்களில் மூன்று அறைகள் வரை புள்ளிகள் அவர் ஒருவர் கணக்கிலேயே சேரும். ஹில்டன் உறுப்பினர்கள் தங்கள் புள்ளிகளை நண்பர்களோடும் உறவினர்களோடும் கட்டணமின்றி ஒன்றுசேர்க்கலாம். மேரியட்டில் புள்ளிகளைக் கொண்டு ஐந்து இரவுகள் எடுத்தால் நான்கு இரவுகளுக்கான புள்ளிகள்தான் கழிக்கப்படும். ஒரே ஊரில் ஐந்து நாள் தங்கி ஓய்வெடுக்கும் விடுமுறைப் பயணிக்கு இது உண்மையிலேயே பயன்படும்.

ஓட்டலா, முன்பதிவுத் தளமா?

ஓட்டல் குழுமங்களின் திட்டங்களில் ஒரு நிபந்தனை எங்கும் பொதுவானது: அவர்களுடைய சொந்தத் தளத்திலோ செயலியிலோ தொலைபேசியிலோ பதிவு செய்தால்தான் புள்ளிகள். முன்பதிவுத் தளங்களின் வழியே வந்தவருக்குப் பொதுவாகப் புள்ளிகள் கிடையாது. விமானத்தில் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை; எங்கே வாங்கினாலும் உறுப்பினர் எண்ணைச் சேர்த்துவிட்டால் மைல் வந்துவிடும்.

சிறு விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்க விரும்புபவருக்குப் பெரிய குழுமத்தின் புள்ளிகள் எதற்கும் உதவா. அவருக்கு முன்பதிவுத் தளத்தின் உறுப்பினர் சலுகைதான் பொருத்தம். எடுத்துக்காட்டாக, புக்கிங் டாட் காம் தளத்தின் 'ஜீனியஸ்' திட்டத்தில் கணக்குத் தொடங்கியதுமே பங்கேற்கும் தங்குமிடங்களில் பத்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஐந்து முறை தங்கினால் இரண்டாம் நிலை, பதினைந்து முறை என்றால் மூன்றாம் நிலை. இங்கே சேர்த்து வைக்கப் புள்ளி எதுவும் இல்லை, காலாவதியாகவும் எதுவும் இல்லை. இன்றைய பயணத்தின் விலையிலேயே குறைகிறது. ஆனாலும் தள்ளுபடிக்குப் பிறகான விலையை அதே விடுதியின் சொந்தத் தளத்தில் உள்ள விலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கிரெடிட் கார்டும் உயர்நிலை உறுப்பினர் தகுதியும்

இவை இரண்டைப் பற்றியும் உலகத்தில் எழுதப்படுவது அதிகம்; நமக்குத் தேவையானது கொஞ்சம்தான். மாதாமாதம் கார்டு நிலுவையை முழுவதுமாகக் கட்டிவிடும் பழக்கம் உள்ளவர் மட்டுமே பயண கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும். நிலுவைக்கு விதிக்கப்படும் வட்டி எந்தப் புள்ளியின் மதிப்பையும் விழுங்கிவிடும். கட்டும் பழக்கம் உள்ளவருக்கு, ஒரே விமான நிறுவனத்தின் பெயர் பொறித்த கார்டைவிட, புள்ளிகளைப் பல விமான, ஓட்டல் திட்டங்களுக்கு மாற்றிக்கொள்ள இடமளிக்கும் வங்கியின் கார்டே நல்லது. அடுத்த பயணம் எந்தத் திசையில் என்று தெரியாதவருக்கு அந்தச் சுதந்திரம்தான் மதிப்பு. ஆனால் ஒரு முறை மாற்றிய புள்ளிகள் பொதுவாக வங்கிக்குத் திரும்பி வாரா. ஆகவே நீங்கள் விரும்பும் தேதியில் மைல் டிக்கெட் இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்த பிறகே மாற்றுங்கள். ஆண்டுக் கட்டணத்தையும், வெளிநாட்டு நாணயத்தில் செலவழிக்கும்போது பிடிக்கும் சதவீதத்தையும் வரவிலிருந்து கழித்துப் பார்க்க மறக்க வேண்டாம்.

வெள்ளி, தங்கம் என்று பெயர் சூட்டப்பட்ட உயர்நிலை உறுப்பினர் தகுதிகளை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் அவை ஓராண்டில் பறந்த அளவையோ செலவையோ கொண்டு வழங்கப்படுபவை. பிரிட்டிஷ் ஏர்வேஸும் 2025 ஏப்ரலில் செலவை அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு விடுமுறைப் பயணத்தில் அந்த வாசலை எட்ட முடியாது. அத்தகுதி உள்ளவர்களுக்கான விமான நிலைய ஓய்வறையில் (லவுஞ்ச்) உட்கார ஆசை இருந்தால் அன்றைய நுழைவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு உட்காருவது மலிவு.

சேர்ந்த பிறகு

ஒரு விமானக் கணக்கு, தேவையென்றால் ஓர் ஓட்டல் கணக்கு; இதற்கு மேல் வேண்டாம். கடவுச்சீட்டில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே கணக்கிலும் கொடுங்கள், ஏனெனில் டிக்கெட்டின் பெயரும் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் மைல் தானாக ஏறாது. உறுப்பினர் எண்ணை முன்பதிவின்போதே சேருங்கள். அப்போது விட்டுப்போனால் செக்-இன் கவுன்டரில் சொல்லலாம். போர்டிங் பாஸை மைல் கணக்கில் ஏறும் வரை கிழித்துப் போடாதீர்கள். ஏறவில்லை என்றால் பறந்த பிறகும் சில மாதங்கள் வரை கோரிக்கை வைக்க முடியும்; அதற்கு டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள். கணக்கின் கடவுச்சொல்லை வங்கிக் கணக்குக்கு வைப்பதுபோல் தனியாகவும் வலுவாகவும் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறைகூடத் திறந்து பார்க்காத கணக்குகளிலிருந்து மைல்களைத் திருடுவது எளிது.

கடைசியாக, கைபேசியின் நாள்காட்டியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுங்கள். அதைக் காலாவதித் தேதியன்று வைத்துப் பயனில்லை. ஆறு மாதம் முன்னதாக வைக்க வேண்டும். சில திட்டங்களில் காலாவதிக்கு முன் டிக்கெட்டைப் பதிவு செய்தால் போதும், பயணம் பிறகு இருக்கலாம். வேறு சிலவற்றில் பதிவை ரத்து செய்தால் திரும்பி வரும் மைல்கள், இடையில் காலாவதித் தேதி கடந்துவிட்டிருந்தால், வந்த வேகத்திலேயே மறைந்துவிடும். உங்கள் திட்டம் இவற்றில் எது என்பதையும் அந்த நினைவூட்டலின் அடியிலேயே ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். நினைவூட்டல் வரும் நாளில் விதிப் பக்கத்தை மறுபடி தேடிக்கொண்டிருக்க நேராது.